கையில் ஒட்டாத வெள்ளி

அறுகம்பே என்றதும் வெளியூரார் மனத்தில் எழுவது அலைமேல் சறுக்கும் பலகையும் அதைத் தோளில் சுமந்து திரியும் வெள்ளைக்காரருமே. பொத்துவிலையும் உல்லையையும் அறிந்த எங்களுக்கோ அது முதலில் மீன் இறங்கும் கரை. சுபஹுத் தொழுகை முடிந்து வெளியே வந்தால் வள்ளங்கள் கரையேறும் வேளை. கல்முனையிலிருந்து வந்து மகள் வீட்டில் தங்கும் நாட்களில் அங்கே போய் நிற்பது என் வழக்கம். மீன் வாங்குவதற்கு மட்டுமன்று; ஓய்வு பெற்ற விஞ்ஞான ஆசிரியன் ஒருவன் ஒரு மணி நேரத்தைப் போக்குவதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

அண்மையில் ஒரு காலை வயதான தாய் ஒருவர் பால்சுறா தேடி வந்தார். மீன் விற்றுக்கொண்டிருந்தவர் என் பழைய மாணவர். கல்முனைப் பக்கத்தில் பிறந்து, எங்கள் வழக்கப்படி பெண்வீட்டுக்குக் குடிவந்து பொத்துவிலான் ஆனவர். "பால்சுறா இல்ல மூத்தம்மா. பெரிய சுறாவில துண்டு தாறன். எல்லாம் சுறாதானே" என்றார். அந்தத் தாயும் ஒப்புக்கொண்டார். மகள் பிள்ளை பெற்றுப் பத்து நாளாம். பால் சுரக்கச் சுறாப் புட்டு வேண்டுமாம். மருமகளுக்கு ஏழு மாதம். இருவருக்கும் ஒரே சட்டியில்தான் சமையல் என்று கேட்காமலே சொன்னார்.

நான் வாய் திறந்தேன், பேச்சு வரவில்லை. நான் சொல்ல நினைத்தது இரசத்தைப் பற்றி. பாதரசம் என்று பலரும் சொல்லும் அதே பொருளைப் பற்றி. பெரிய சுறாவின் தசையில் அது சேர்ந்திருக்கும் என்று எச்சரிக்க எண்ணினேன். ஆனால் அந்த இரசத்தை என் கையால் எத்தனை பிள்ளைகளின் உள்ளங்கையில் ஊற்றியிருக்கிறேன் என்பது அக்கணமே நினைவுக்கு வந்து நாவைக் கட்டிவிட்டது.

எண்பதுகளில் எங்கள் பகுதிப் பாடசாலை ஒன்றில் பௌதிகமும் இரசாயனமும் படிப்பித்தேன். தொரிசெல்லியின் பரிசோதனை எனக்கு மிக உவப்பான பாடம். ஒரு மீற்றர் நீளமான கண்ணாடிக் குழாயை இரசத்தால் நிரப்பி, வாயை விரலால் மூடி, இரசத் தொட்டியில் தலைகீழாக நிறுத்தினால் உள்ளே இரசம் இறங்கி 76 சென்ரிமீற்றர் உயரத்தில் நின்றுவிடும். அதற்கு மேலுள்ள வெற்றிடத்தைக் காட்டி, "அங்கே என்ன இருக்கிறது?" என்று கேட்பேன். "ஒன்றுமில்லை சேர்" என்பார்கள் மாணவர்கள். அந்த விடைக்கு முழுப் புள்ளியும் கொடுத்திருக்கிறேன். உண்மையில் அந்த வெறுமையிலும் இரசத்தின் ஆவி நிறைந்திருந்தது. எங்கள் அறையிலும் இருந்தது.

பாடம் முடிந்தபின் விளையாட்டு. உள்ளங்கையில் ஒரு துளி உருளும், ஒட்டாது, விரலால் குத்தினால் நூறு மணிகளாய்ச் சிதறி மீண்டும் ஒன்றாகும். பழைய செப்புச் சதக் காசில் அதைத் தேய்த்து வெள்ளிக் காசாக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போன பிள்ளைகள் பலர். சிந்தியதைப் பொறுக்கி மருந்துப் போத்தலில் சேர்ப்பது ஆய்வுகூட உதவியாளரின் வேலை. அவரைக் காக்கா என்றே எல்லோரும் அழைப்போம். அகப்பட்டதை ஒரு மட்டைத் துண்டாலும் விரலாலும் கூட்டி எடுப்பார்; அகப்படாததைத் தும்புத்தடியால் பெருக்குவார். பெருக்கப் பெருக்க மணி நுணுகும்; நுணுகும் தோறும் காற்றில் படும் பரப்புக் கூடும்; ஆவியும் கூடும். களவு போகும் என்று ஆய்வுகூட ஜன்னல்களை நாங்கள் திறப்பதும் இல்லை.

இங்கே ஒரு சிறு கணக்கு. மூடிய அறையில், 20 பாகை செல்சியஸ் வெப்பநிலையில், ஒரு கன மீற்றர் காற்று ஏறத்தாழ 13 மில்லிகிராம் இரச ஆவியைத் தாங்கவல்லது. வேலைத்தலங்களுக்கு நிபுணர் விதிக்கும் எல்லைகளுள் ஒன்று 0.025 மில்லிகிராம். ஐந்நூறு மடங்கு வேறுபாடு. அதுவும் 20 பாகையில். சித்திரை மாதத்துக் கல்முனையில் அந்தக் கணக்கு எங்கே போய் நிற்கும் என்பதை மாணவ நேயர்கள் எண்ணிக்கொள்ளலாம். காய்ச்சல் பார்க்கும் பழைய வெப்பமானி ஒன்றில் ஒரு கிராம் இரசம் இருந்ததென்று வைத்துக்கொண்டால், அது முழுவதும் ஆவியாகி அந்த எல்லையளவில் பரவினால் 40,000 கன மீற்றர் காற்று நிறையும். எங்கள் வகுப்பறைகள் போன்றவை இருநூறு வேண்டும்.

விழுங்கிய இரசத்துக்குப் பயந்து அழுத தாய்மாரைப் பார்த்திருக்கிறோம். பிள்ளை வெப்பமானியைக் கடித்துவிட்டது என்று ஓடி வருவார்கள். விழுங்கிய திரவ இரசம் பெரும்பாலும் குடலில் ஒட்டாமல் வெளியேறிவிடும். கண்ணாடித் துண்டுக்குத்தான் அதிகம் அஞ்சவேண்டும். ஆனால் சுவாசித்த ஆவியில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு உடலில் தங்கிவிடுகிறது. அங்கிருந்து இரத்தம், இரத்தத்திலிருந்து மூளை, சிறுநீரகம். நிறமில்லை, மணமில்லை, எரிவில்லை. மாதங்கள் கழித்து விரல் நுனியில் ஒரு நடுக்கம், முரசில் வீக்கம், வாயில் உமிழ்நீர் ஊறுதல், தூக்கக் கேடு, காரணமற்ற கோபமும் காரணமற்ற கூச்சமும். கலகலப்பாய் இருந்தவன் மனிதரைக் கண்டால் ஒதுங்குவான்.

காக்காவின் கையில் தேநீர்க் கோப்பை தட்டோடு மோதிச் சிலம்பத் தொடங்கியது அவர் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன்னர். சிரித்துப் பேசும் மனிதர் சின்ன விஷயங்களுக்குச் சினந்தார். வயதும் சர்க்கரை வியாதியும் கையை நடுங்கச் செய்யும் என்பது உண்மை. ஆகவே குற்றத்தை இரசத்தின் தலையில் நான் கட்டிவிட முடியாது. ஆனால் அவரைப் பார்த்த எந்த வைத்தியரும், "என்ன தொழில் செய்கிறீர்?" என்று கேட்கவில்லை. நானும் ஒரு துண்டு எழுதிக் கொடுத்து அனுப்பவில்லை. அவர் காலமாகிப் பல்லாண்டாகிவிட்டது.

அந்தக் கேள்வி புதியதன்று. 1700 இல் இத்தாலிய வைத்தியர் இராமஸ்ஸினி தொழிலாளர் நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நோயாளியிடம் கேட்கவேண்டிய கேள்விகளோடு அவன் செய்யும் தொழில் யாது என்பதையும் சேர்க்கவேண்டும் என்று வைத்தியர்களுக்குச் சொன்ன நூல் அது. வெனிஸ் நகரத்துக் கண்ணாடித் தொழிலாளர் அதில் வருகிறார்கள். வெள்ளீயத் தகட்டின்மேல் இரசம் பரப்பி முகம் பார்க்கும் கண்ணாடி செய்தவர்கள் அவர்கள். வாதமும் நடுக்கமும் அவர்களுக்குக் கூலியோடு கிடைத்தவை. 1835 இல் ஜேர்மனியரான லீபிக் வெள்ளி பூசும் முறையைக் கண்டபின் இரசம் அத்தொழிலை விட்டு மெல்ல விலகியது. நம் பேச்சை விட்டுத்தான் விலகவில்லை. மங்கிய கண்ணாடியை இன்றும் 'ரசம் போன கண்ணாடி' என்கிறோம். மேசன்மார் கையில் சாராயம் நிரம்பிய குழாய்க்கு 'ரசமட்டம்' என்றே பெயர். ஸ்லோவேனியாவின் இத்ரியாச் சுரங்கத்தில், 1665 லேயே, இரசக் கல் வெட்டுவோரின் வேலை நேரத்தை நாளுக்கு ஆறு மணியாகக் குறைத்தார்கள். கருணையால் என்று நான் நினைக்கவில்லை. நடுங்கும் கை கல் வெட்டாது.

இதையெல்லாம் அறியாத பரம்பரையா நம்முடையது? ஜாபிர் இப்னு ஹய்யானின் பெயரால் வழங்கும் நூல்கள் எல்லா உலோகங்களுக்கும் கந்தகமும் இரசமும் மூலம் என்றன. நம் சித்தர்கள் இரசத்தைக் கட்டுவதிலும் மாரணம் செய்வதிலும் ஆயுளைக் கழித்தார்கள். போகர் ஒன்பது பாஷாணங்களைச் சேர்த்துப் பழனியில் திருவுருவம் அமைத்தார் என்பது மரபு. சுத்தி செய்யாத இரசம் நஞ்சு என்பதை அவர்கள் மறைக்கவில்லை. அதனால்தான் சுத்தி முறைகளுக்கு அத்தனை பாடல்கள்.

அந்தப் பழனிக்கு மேலே, அதே மலைத்தொடரில், கோடைக்கானல். 1980களின் முற்பகுதியில் அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்து வாட்டர்டவுனில் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலையின் யந்திரங்கள் அங்கே வந்திறங்கின. பாம்பார்ச் சோலையின் விளிம்பில் ஆலை எழுந்தது. முதலில் பொன்ட்ஸ் நிறுவனத்தினுடையது. பின்னர் இந்துஸ்தான் லீவர் கைக்கு மாறியது. இரசமும் கண்ணாடியும் கடல் கடந்து வந்தன. செய்த வெப்பமானிகள் கடல் கடந்து போயின. மலையில் எஞ்சியது உடைசலும் ஆவியும். வேலைக்குப் போனவர்கள் அவ்வூர் இளைஞரும் இளம் பெண்களும். சிந்திய இரசத்தைத் தும்புத்தடியால் கூட்டியதையும், போட்ட உடுப்போடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்கியதையும் பின்னாளில் அவர்கள் சொன்னார்கள். அதைப் படித்தபோது எனக்கு எங்கள் காக்காவின் தும்புத்தடிதான் கண்ணில் வந்தது.

2001 மார்ச்சில், மூஞ்சிக்கல் பகுதியிலுள்ள பழைய இரும்புக் கடை ஒன்றில் இரசம் படிந்த கண்ணாடி உடைசல் 7.4 தொன் குவிந்து கிடந்ததை ஊர் மக்களும் கிரீன்பீஸ் இயக்கத்தினரும் வெளிப்படுத்தினர். அதே மாதம் ஆலை மூடப்பட்டது. 2003 இல் ஏறத்தாழ 290 தொன் இரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பியது. ஏழை நாட்டிலிருந்து பணக்கார நாட்டுக்குக் குப்பை திரும்பிப் போன கதைகள் அதிகம் இல்லை. ஆகையால் இது நினைவில் வைக்கத்தக்கது. ஐதராபாத்தின் அணுசக்தித் துறை விஞ்ஞானிகள் கோடைக்கானல் ஏரியின் நீரிலும் சேற்றிலும் மீனிலும் இரசத்தைக் கண்டு 2006 இல் அறிவித்தனர்.

மனிதருக்கான நியாயம் மண்ணுக்கான நியாயத்திலும் மெதுவாக நடந்தது. முன்னாள் தொழிலாளர் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினர். நோய்க்கும் வேலைக்கும் உள்ள தொடர்பை நிறுவுவது எளிதாக இல்லை. நிபுணர் அறிக்கைகள் ஒன்றுபோல் பேசவில்லை. தன் ஆலையால் தொழிலாளர் உடல்நலம் கெடவில்லை என்ற நிலையை நிறுவனம் கடைசிவரை விடவில்லை. 2015 இல் சென்னைப் பாடகி சோஃபியா அஷ்ரஃப், நிக்கி மினாஜ் என்னும் அமெரிக்கப் பாடகியின் மெட்டொன்றில் சொந்தச் சொற்களை ஏற்றிக் கோடைக்கானலைப் பாடினார். நீதிமன்றக் கட்டுகள் பல ஆண்டுகளில் செய்யாததை அப்பாட்டுச் சில நாட்களில் செய்தது, உலகம் திரும்பிப் பார்த்தது. நம் இலக்கிய வட்டங்கள் கவனிக்கவேண்டிய செய்தி. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளருடன் உடன்பாடு ஏற்பட்டது. மனிதாபிமான அடிப்படையில் என்றது நிறுவனம். மண்ணை எந்த அளவுக்குச் சுத்தம் செய்வது என்பதில் அதன் பின்னரும் வழக்காட்டம் நீடித்தது.

எத்தனை இரசம் என்பதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. கையில் எடுத்தவருக்கு அது இன்னதென்று அவர் மொழியில் யாரும் சொல்லவில்லை. 1971 இலும் 72 இலும் ஈராக்கில் நடந்தது இதன் உச்சம். விதைப்பதற்கென்று மெதைல் இரச மருந்து தடவிய கோதுமை கப்பலில் வந்தது. உண்ணாதே என்ற எச்சரிக்கை மூட்டையில் இருந்தது. ஸ்பானிய மொழியிலும் ஆங்கிலத்திலும். விதைப்புக் காலம் கடந்து வந்த தானியத்தைப் பசித்த குடியானவர்கள் ரொட்டி சுட்டுத் தின்றார்கள். தானியத்தின் செஞ்சாயம் கழுவினால் போயிற்று. நஞ்சும் போயிற்று என்று நம்பினார்கள். வைத்தியசாலைகளில் சேர்க்கப்பட்டோர் 6,530 பேர். அங்கே இறந்தோர் 459 பேர்.

வாசிக்க முடியாத எழுத்து எங்கள் கடைத்தெருவுக்கும் வந்திருக்கிறது. கலியாணம் நிச்சயமான உறவுக்காரப் பிள்ளை ஒருத்தி, மூன்று வாரத்தில் முகம் வெளுத்தது என்று மகிழ்ந்து எனக்குக் காட்டிய களிம்புப் போத்தலில் தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை. செய்தவர் விலாசமும் இல்லை. ஒரே ஒரு வரி ஆங்கிலம்: நகையில் படாமல் பூசவும். நான் அந்த வரியில் நின்றுவிட்டேன். பொன்னோடு கலந்து அதை வெளுக்கச் செய்யும் பொருள் எது என்பது தட்டார் பட்டறைப் பையனுக்கும் தெரியும். தோலின் கருமை நிறப்பொருள் உண்டாவதை இரச உப்புகள் தடுக்கின்றன, வெளுப்பு உண்மைதான். தோல் வழியே உள்ளே போவதும் உண்மைதான். கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்துக் கோட்டக்கல்லில், 2021 ஜூலை முதல் 2023 செப்டெம்பர் வரை ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை வைத்தியர்கள் ஆராய்ந்தனர். அவர்களுள் 15 பேரிடம் அரிதான ஒரே அடையாளம் தென்பட்டது. அந்தப் 15 பேரில் 13 பேர் வெளுக்கும் களிம்பு பூசியவர்கள். இங்கும் வைத்தியர் ஒரு கேள்வி கேட்டதனால்தான் காரணம் அகப்பட்டது. களிம்பை நிறுத்தியதும் பெரும்பாலோர் தேறினார்கள் என்பது ஆறுதல். எங்கள் பிள்ளையும் நிறுத்தினாள். "கலியாணத்துக்குப் பிறகு நிப்பாட்டுறன்" என்று மூன்று நாள் அழுது, பிறகுதான்.

இனி மீன். சுறாவுக்கு இரசம் எங்கிருந்து வந்தது? அம்பாறைக் கரையில் இரச ஆலை ஏதும் இல்லை. ஆனால் இரச ஆவிக்கு எல்லைக்கல் கிடையாது. மாதக்கணக்கில் காற்றில் அலைந்து எந்தக் கடலிலும் விழும். 2015 இல் மட்டும் மனிதர் செயலால் காற்றில் கலந்தது ஏறத்தாழ 2,220 தொன் என்று ஐக்கிய நாடுகளின் சுற்றாடல் அமைப்புக் கணக்கிட்டது. சிறு பொன் சுரங்கங்களும் நிலக்கரியும் அதில் முன் நிற்பவை. நீரில் விழுந்ததை நுண்ணுயிர்கள் மெதைல் இரசமாக மாற்றுகின்றன. நுண்ணுயிரைச் சிறு மீன் தின்னும். சிறு மீனைப் பெரு மீன் தின்னும். தின்னத் தின்னச் செறிவு ஏறும். நீண்ட காலம் வாழ்ந்து பல மீன்களைத் தின்ற பெருஞ்சுறாவிலும் வாள்மீனிலும் அது உச்சத்தில் நிற்கும். ஐரோப்பா வாள்மீனுக்கு வைத்த எல்லை ஒரு கிலோவுக்கு ஒரு மில்லிகிராம். நம் கடலில் பிடித்த வாள்மீன்களில் ஒரு பகுதி அதைத் தாண்டுவதை நமது நாரா நிறுவன ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். கழுவினாலும் போகாது, பொரித்தாலும் போகாது. அது கொழுப்பில் அன்று, தசையில் கட்டுண்டு இருக்கிறது.

குடலுக்குள் போன மெதைல் இரசம் கிட்டத்தட்ட முழுவதும் இரத்தத்தில் சேரும். தாயின் கருப்பைத் திரையையும் கடக்கும். ஜப்பானின் மினமாட்டாவில் 1932 முதல் 1968 வரை சிஸ்ஸோ ஆலை கடலில் விட்ட கழிவு உலகுக்கு அதைக் கற்பித்தது. முதலில் பூனைகள் பித்துப் பிடித்தாடின. 1956 மே மாதத்தில் மனித நோய் அறிவிக்கப்பட்டது. மீன் தின்ற தாய் அதிகம் நோகாமல் இருக்க, பிறந்த பிள்ளை பேச்சும் நடையும் இன்றிக் கிடந்தது. ஜப்பானியர் பிள்ளையின் தொப்புட்கொடியைக் காயவைத்துப் பெட்டியில் பேணுவர். நம் நாட்டிலும் அதைத் தாயத்தில் வைத்துக் கட்டும் வழக்கம் சிலரிடம் உண்டல்லவா? ஹராதா என்ற வைத்தியர் அந்தக் காய்ந்த கொடிகளைச் சோதித்து, பிறக்கு முன்னரே பிள்ளை நஞ்சுண்டதை நிறுவினார். அவ்வூரின் பெயரால் 2013 இல் நிறைவேறிய சர்வதேச உடன்படிக்கையில் இலங்கை 2017 இல் சேர்ந்தது. இரச வெப்பமானிக்கும் இரசக் களிம்புக்கும் அதில் தடை உண்டு. சுறாவுக்குத் தடை போட எந்த உடன்படிக்கையாலும் ஆகாது.

இவையெல்லாம் அந்தக் கரையில், சுறாத் துண்டு தராசில் ஏறி இறங்கும் நேரத்தில், என் மனத்தில் ஓடின. கடைசியில் பேசிவிட்டேன்.

"ராத்தா, மருமகளுக்குப் பெரிய சுறா வேண்டாம். வயித்துப் பிள்ளைக்கு ஆகாது. மகளும் இப்போதைக்கு விடுறது நல்லம்."

அந்தத் தாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எங்கட உம்மா காலத்திலயிருந்து குடுக்கிறதுதானே?"

"அவங்க குடுத்தது பால்சுறா. முழம் நீளச் சின்ன மீன். இது எத்தனையோ வருஷம் கடலில் மேய்ஞ்சது."

"அப்ப என்னத்த வாங்கிறது?"

சூடையும் சாளையும் கும்பளாவும் பக்கத்துக் கூடையில் துள்ளிக்கொண்டிருந்தன. குறைந்த ஆயுள், சிறிய உடல், மலிவான விலை. பிள்ளையின் மூளைக்கு வேண்டிய சத்து அவற்றிலும் உண்டு. மீனை விடச் சொல்லவில்லை, மீனை மாற்றச் சொல்கிறேன் என்று விளக்கினேன். அவர் அரை மனத்தோடு சூடைக் கூடையின் பக்கம் திரும்பினார்.

என் பழைய மாணவர் வெட்டிய துண்டைப் பலகையில் திரும்பப் போட்டார். கோபம்தான், ஆனால் என்னிடம் காட்டவில்லை. கத்தியைத் துடைத்தபடி, "சேர், அண்டைக்கு என்ட உள்ளங்கையில இரசத்த ஊத்தினது நீங்கதானே? அந்த வெள்ளிக் காசு இன்னும் வீட்டில இருக்கு. என்ட மகன் வச்சி விளையாடுறான்" என்றார்.

காசை ஒரு போத்தலில் போட்டு இறுக மூடி என்னிடம் கொண்டு வரும்படி சொன்னேன். பிறகு, இரண்டு கிலோ சூடை நிறுக்கச் சொன்னேன்.